இடது பின்சக்கரத்தில் பதினொன்றரைக் கிலோ

பொறாமைக்கு எடை உண்டு என்று ஈச்சம்பாளையத்தில் தெரிய வரத் தொடங்கியது ஒரு புதன்கிழமை காலையில், கிட்டுச்சாமியின் பட்டறையில், ஒரு சிவப்புப் பந்தயக் காரின் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் நான்கு தராசுகளை வைத்து அவர் அதை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான். அதற்கு முன்னால் அந்த ஊரில் பொறாமை இல்லாமல் இல்லை, வீட்டுக்கு வீடு இருந்தது, சில வீடுகளில் அறைக்கு அறை இருந்தது, ஆனால் வைத்துப் பார்க்க ஒரு தராசு இல்லாததால் ஆளாளுக்குத் தன்னுடையதைத் தலைவலி என்றும் வாயுப்பிடிப்பு என்றும் சொல்லிக்கொண்டு ஓமத்தண்ணீர் குடித்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஈச்சம்பாளையம் கோயமுத்தூருக்குத் தெற்கே, கார்ப் பந்தய மைதானத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வண்டிகள் கத்துகிற கத்தலில் கறவை மாடுகள்கூடப் பழகிப்போய், சத்தம் இல்லாத வாரங்களில்தான் பால் குறைத்துக் கொடுத்தன. கிட்டுச்சாமி எஞ்சினைத் தொடமாட்டார். வேகம் ஏற்றுவது வேறு ஆட்களின் வேலை. வளைவில் வண்டி சாயாமல், சாய்ந்தாலும் கவிழாமல், கவிழாவிட்டாலும் வழி தவறாமல் போக வைப்பது அவர் வேலை. பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள் திருப்பத்தில் ஒருபக்கமாகச் சரிவதில்லையா, அதுபோலத்தான் காரின் உடம்பும் சரியும். அந்தச் சரிவைப் பிடித்து நிறுத்த இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் குறுக்கே ஒரு முறுக்குக் கம்பி உண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஸ்டெபிலைசர் ராடு என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள், ஊரில் எல்லோருக்கும் அது சாய்வுக்கம்பி. கம்பியின் நுனியில் வரிசையாகத் துளைகள் இருக்கும். எந்தத் துளையில் போல்ட்டைப் பூட்டுகிறோமோ அதைப் பொறுத்துக் கம்பி விறைக்கும், இல்லையென்றால் இளகும். முன்கம்பி ரொம்ப விறைத்தால் வண்டி வளைவில் திரும்பாமல் வம்புக்கார மாடு மாதிரி நேரே போகும்; பின்கம்பி ரொம்ப விறைத்தால் வால் வெளியே வீசி வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கச் சொல்லித்தான் பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் வண்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு அந்த ஓட்டுக் கொட்டகைக்கு வந்தார்கள்.

அப்படிச் சரிபார்க்கும்போது வண்டி காலியாக இருக்கக் கூடாது. ஓட்டுகிறவரின் எடை ஸீட்டில் இருக்க வேண்டும். மற்ற பட்டறைகளில் மணல் மூட்டையை வைப்பார்கள். கிட்டுச்சாமி தன் மனைவி மயிலாத்தாளை உட்கார வைத்தார். கல்யாணமான புதிதில் அவள் ஐம்பத்தெட்டுக் கிலோ இருந்தாள், மடியில் ஒரு தவிட்டு மூட்டையையும் வைத்துக்கொண்டு உட்காருவாள். மகள் பிறந்து, மகன் பிறந்து, மெல்ல மெல்ல அறுபத்தைந்துக்கு வந்து சேர்ந்தாள், அதுதான் பந்தயக்காரர்களின் எடை. "என்ற சம்சாரம்தான் எனக்குத் தராசுப் படிக்கல்லு" என்று கிட்டுச்சாமி ஒருமுறை புனேக்காரர் ஒருவரிடம் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான், அதுவும் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் அதைக் காதில் வாங்கி, பட்டத்தரசியம்மனுக்கு விளக்குப் போடும்போதெல்லாம் அந்த வார்த்தையையும் சேர்த்துக் கும்பிட்டு, எடை கூடாமலும் குறையாமலும் தன் உடம்பை ஒரு நேர்த்திக்கடன் மாதிரிக் காத்து வந்தாள். வண்டி நிறுக்கிற நாளில் விரதம் வந்தால், "ஆத்தா, இன்னைக்கு மட்டும் மன்னிச்சுக்க, நான் சாப்பிடாட்டி அங்க ஒரு வண்டி கோணிக்கும்" என்று சொல்லிவிட்டு இரண்டு இட்லி சாப்பிடுவாள். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் காருக்குள் ஏறுவாள். ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு, தாடை அசையாமல் அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வண்டிக்கு அடியில் அவர் படுத்துக்கொண்டு கம்பியைத் திருகுவார். அவர்கள் இருவரும் ஒரே காரியத்தில் ஒரே நேரத்தில் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

அந்தப் புதன்கிழமையும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். ஸீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

பீளமேட்டு மில்காரர் வீட்டுப் பெண், சம்யுக்தா, இருபத்தொரு வயது, முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். வண்டி அவளுடையது, ஓட்டப்போவதும் அவள்தான். வண்டிக்கு அடியிலிருந்து கிட்டுச்சாமியின் குரல் மட்டும் வந்தது.

"மயிலு, நீ போ புள்ள. இன்னைக்கு ஓட்டற ஆளே வந்திருக்குது. ஐம்பத்தொண்ணுதான் இருக்குது, நீ உக்காந்தா கணக்கு தப்பிப்போகும்."

"ஸாரி ஆன்ட்டி," என்றாள் சம்யுக்தா, நல்ல சிரிப்போடு. பிறகு கீழே குனிந்து, "அண்ணா, பின்னால இப்ப எந்த ஹோல்ல இருக்கு?" என்று கேட்டாள்.

அவர் அண்ணனாம், அவள் ஆன்ட்டியாம்.

மயிலாத்தாள் செருப்பை மாட்டிக்கொண்டாள். சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள். அந்தச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பட்டறையில் காரின் இடது பின்சக்கரம் மட்டும் தெரியும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே களைந்தாள். பட்டறையில் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்கு மறந்துபோயிருந்ததால் முதலில் யாரோ ஒறம்பரை ஊரிலிருந்து விருந்துக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

தராசில் இடது பின்சக்கரம் இரண்டு கிலோ ஏறியது. பிறகு நான்கு. அரிசி வெந்து கஞ்சி வடிக்கிற நேரத்தில் பதினொன்றரையில் வந்து நின்றது.

கிட்டுச்சாமி டயரைப் பார்த்தார், டிக்கியைத் திறந்து பார்த்தார், தராசுகளை இடம் மாற்றி வைத்தார். எந்தத் தராசை வைத்தாலும் அந்தச் சக்கரத்துக்கு அடியில் பதினொன்றரை கூடியது. வெல்டிங் வேலை பார்க்கிற பீட்டர் வந்து குனிந்து பார்த்து, "பூனை கீனை ஏறியிருக்குதுங்களா?" என்றான். இல்லை. மறுநாள் மயிலாத்தாள் தாராபுரத்தில் மகள் வீட்டுக்குப் போனாள். பேரனைக் குளிக்க வைத்துக்கொண்டிருந்த மத்தியானத்தில் மூன்று கிலோ தானாகவே குறைந்தது. வெள்ளிக்கிழமை அவள் திரும்பி வந்து வாசலில் கால் வைத்தபோது, சம்யுக்தா பட்டறையில் அவளுடைய எவர்சில்வர் டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள், பிடியின் கீழே 'ம' என்று பேர் வெட்டிய டம்ளர். டீக்கடைப் பாப்பாத்தி அப்போது அங்கே வடை கொடுக்க வந்திருந்தாள். தராசின் எண்கள் எட்டரையிலிருந்து ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஏறிப் பழைய இடத்திலேயே போய் நின்றதைப் பாப்பாத்தி பார்த்தாள், மயிலாத்தாளின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி தராசைப் பார்த்தாள்.

"அட ஆத்தா," என்றாள், "இது உன்றது."

பாப்பாத்தி பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை; எங்களுடையதையும் நிறுக்க முடியுமா என்றுதான் கேட்டார்கள். சனிக்கிழமை காலையில் பட்டறை வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. எதன்மேல் பொறாமையோ அந்தப் பொருளைத் தராசில் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மருமகள் தன் ஓரகத்தியின் பட்டுச்சேலையைக் கொண்டுவந்து வைத்தாள், சேலை ஆறு கிலோ இருந்தது. தோட்டத்துக்காரர் ஒருவர் தம்பியின் தண்ணீர் மோட்டாரைத் தூக்கி வர முடியாமல் அதன் போட்டோவைக் கொண்டுவந்தார், போட்டோ பதினான்கு கிலோ காட்டியது, மேஜை வளைந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், மனைவி வெளியில் நிற்க, எதை எதையோ வைத்துப் பார்த்தும் தராசு ஏறவே இல்லை. எல்லோரும் அவரைப் பெரிய மனுஷன் என்று புகழ்ந்தார்கள், அவர் மட்டும் என்னவோ கையில் இருந்ததைத் தொலைத்தவர் மாதிரி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். பால் சொசைட்டியில் கேன் நிறுக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்று போர்டு எழுதி மாட்டினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று நாத்தனாரை முதலில் நிறுத்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் அது பழகிவிட்டது. "எத்தனை?" "முக்கால்." "பரவால்ல, எனக்கு ஒண்ணே கால்" என்று, சர்க்கரை அளவு சொல்வது மாதிரிச் சொல்லிக்கொண்டார்கள், தலைவலி குறைந்தது, ஓமத்தண்ணீர் விற்பனை படுத்துவிட்டது.

மயிலாத்தாளுக்கு மட்டும் பழகவில்லை. எல்லோருடையதும் சொல்லிச் சொல்லிக் குறைந்து கிலோவும் காலும் அரையுமாக ஆகிவிட, அவளுடையது பதினொன்றரையாக, சிவப்புக் காரின் இடது பின்சக்கரத்தில், ஊரே பார்க்கும்படியாக உட்கார்ந்திருந்தது. பூசணிக்காய் உடைத்துப் பார்த்தாள், குறையவில்லை. மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள், இருநூறு கிராம் குறைந்து, சம்யுக்தா வந்து "அண்ணா" என்று கூப்பிட்டதும் முந்நூறாகத் திரும்பி வந்தது. அவள் பட்டத்தரசியம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரத்துக்கு முன்னால் நின்று, "ஆத்தா, அந்தப் புள்ள எம்பட மக வயசு. எனக்கு அதுமேல கெட்ட எண்ணம் இல்ல. எதுக்குன்னே தெரியாம இது வந்து ஒக்காந்திருக்குது. எடுத்துரு" என்று ஒன்பது நாள் வேண்டிக்கொண்டாள்.

கிட்டுச்சாமி அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது: வண்டியில் என்ன எடை இருக்கிறதோ அதற்குத்தான் கம்பி. அது பெட்ரோலா, ஆளா, கல்லா, யாருடையது, ஏன் வந்தது என்பதெல்லாம் கம்பிக்குத் தெரியாது, கம்பியைத் திருகுகிறவனுக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆகவே அவர் அந்தப் பதினொன்றரைக் கிலோவை ஒரு டூல்பாக்ஸ் மாதிரி எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி பின்கம்பியை ஒரு துளை இளக்கினார், முன்கம்பியை ஒரு துளை இறுக்கினார், இடது பின்பக்க ஷாக் அப்சார்பரை நான்கு சொடுக்குக் கூட்டினார். சம்யுக்தா மைதானத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "அண்ணா, தண்டவாளத்துல போற மாதிரி இருக்கு!" என்று கத்தினாள். புளியமரத்து மூன்றாவது வளைவு, வலப்பக்கம் சட்டென்று மடங்கி, எதிரே டயர்களை அடுக்கி வைத்த சுவரோடு நிற்கிற வளைவு, அதில் இதுவரை யாரும் போகாத வேகத்தில் அவள் போனாள். அங்கே முந்தின வருஷம் ஒரு பையனுக்கு இரண்டு காலும் உடைந்திருந்தது.

பந்தயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், அதிகாரிகள் வந்து வண்டியைப் பார்த்து, கம்பி, ஷாக் அப்சார்பர் எல்லாவற்றிலும் ஈயச் சீல் அடித்தார்கள். இனி பந்தயம் முடியும் வரை ஒரு போல்ட்டைத் தொடக் கூடாது.

சீல் அடித்து முடிந்த அதே நேரத்தில் சம்யுக்தா சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆன்ட்டி, கொஞ்சம் தண்ணி."

குடித்தாள். குடித்ததை முற்றத்தில் போய் வாந்தி எடுத்தாள். பிறகு அங்கேயே அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க வீட்டுல யாருக்கும் நான் ஓட்டறது பிடிக்காது. நாளைக்கு யாரும் வரமாட்டாங்க. காலைலேருந்து ஒண்ணும் இறங்கல."

மயிலாத்தாள் அவள் முதுகைத் தடவினாள். சோற்றைக் குழையப் பிசைந்து, சீரக ரசம் ஊற்றி, தட்டை அவள் கையில் கொடுத்தாள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தட்டை வாங்கி, மகளுக்கு ஊட்டியது மாதிரி உருட்டி உருட்டி ஊட்டினாள். பாதித் தட்டு காலியானபோது சம்யுக்தா, "நல்லா இருக்குங்கக்கா" என்றாள்.

மயிலாத்தாளுக்கு விலாவுக்குக் கீழே எதுவோ நழுவி இறங்கின மாதிரி இருந்தது. அன்று விளக்கு ஏற்றும்போது அழுதாள். "கேட்டதைக் குடுத்துட்ட ஆத்தா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகைச் சுற்றில் சிவப்புக் கார் மூன்றாவது வளைவில் திரும்பவில்லை. சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேரே போய் டயர்ச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் புழுதியில் நின்றது. கிட்டுச்சாமி வண்டியை மைதானத்துக் கொட்டகைக்குத் தள்ளி வரச் சொல்லி, பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த தராசுகளில் ஏற்றினார். நிறுத்துப் பார்க்கலாம், தொடத்தான் கூடாது. இடது பின்சக்கரத்தில் கூடுதலாக இருந்தது வெறும் நான்கு கிலோ.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளைத் தேடி ஓடியது அதுதான் முதல் தடவை.

"மயிலு! என்ன பண்ணித் தொலைச்ச?"

"ஏனுங்க, சாமி கும்பிட்டேன்."

"எதுக்கு?"

"குறையறதுக்குத்தான்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே குந்தினார். பிறகு, திக்கித் திக்கி, மண்ணில் விரலால் கோடு போட்டுச் சொன்னார். அந்த எடைக்குத்தான் கம்பி பூட்டியிருக்கிறது. எடை போனால் பின்பக்கம் இளகலாக, முன்பக்கம் விறைப்பாக, வண்டி வளைவில் நேரே போகும். சீல் உடைத்தால் பந்தயத்தில் சேர்க்கமாட்டார்கள். ஓட்டாதே என்று சொல்லிப் பார்த்தாயிற்று, அந்தப் பெண் கேட்கமாட்டேன் என்கிறாள்.

"பதினோரு மணிக்குப் பந்தயம். பத்துச் சுத்து. அதுவரைக்கும் நீ..." மண்ணில் போட்ட கோட்டைக் கையால் அழித்தார். "நீ முன்ன மாதிரி இருக்கோணும்."

மயிலாத்தாள் பயந்துபோனாள். ரசம் ஊட்டின விரல்களைப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆனால் என்று நினைக்க நினைக்கத் தராசில் மூன்றரையாகக் குறைந்தது, ஏனென்றால் அது இரக்கம்.

ஈச்சம்பாளையம் முழுக்க அன்று மைதானத்தில்தான் இருந்தது. விஷயம் கேட்டதும் எல்லோரும் கொட்டகைக்குள் வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள், ஆளுக்கு ஒரு கை கொடுக்கிறதற்கு. பாப்பாத்தி தொடங்கினாள்.

"ஏங் கண்ணு மயிலு, போன செவ்வாக்கிழமை உன்ற ஊட்டுக்காரர் அந்தப் புள்ளைக்குத் தன் கையால இளநி சீவிக் குடுத்தாரு, பாத்துக்க."

"அவருக்கு இளநி சீவத் தெரியாதே," என்றாள் மயிலாத்தாள்.

"தெரியுது! உனக்குத்தான் சீவினதில்ல!"

நூறு கிராம் ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள். பீட்டர், "அண்ணன் போன்ல அந்தப் பாப்பா பேரைப் பூப்படம் போட்டு வெச்சிருக்காருங்க" என்றான். நூற்றைம்பது. ஓரகத்தியின் சேலையை நிறுத்துப் பார்த்த மருமகள் தன் அனுபவத்திலிருந்து நுணுக்கமான சில யோசனைகளைச் சொன்னாள், அதில் அரைக் கிலோ. கடைசியில் எல்லோரும் கிட்டுச்சாமியை முன்னால் தள்ளினார்கள்.

"சொல்லுங்க, நீங்க சொன்னாத்தான் ஏறும்."

அவர் தொண்டையைச் செருமினார். "அது வந்து... சம்யுக்தா நல்ல புள்ள. உன்னையவிட நல்லா... உக்காருது."

மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், பொய் சொல்லி வேர்த்து, காது மடல் சிவந்து நிற்கிறாரே என்று இருந்தது. தராசு சரசரவென்று மூன்றுக்கு இறங்கியது. "கெடுத்தீங்க!" என்று பாப்பாத்தி அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். சம்யுக்தா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்தாள், மயிலாத்தாளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள், ஏறினாள், போனாள்.

மயிலாத்தாள் யாரிடமும் சொல்லாமல் வெயிலில் நடந்து மூன்றாவது வளைவின் கம்பிவேலிக்குப் போய் நின்றாள். வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, குடுத்ததைத் திருப்பி வாங்கிக்க, பத்தே பத்துச் சுத்துக்கு" என்று வேண்டினாள். வண்டிகள் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் இளநீரை நினைத்துப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. டம்ளரை நினைத்தாள், அதுவும் போயிருந்தது. அந்தப் பிள்ளை அவரோடு சிரித்ததை நினைத்தாள். பாவம், அவரும் யாரோடுதான் சிரிப்பார் என்று தோன்றியது. சிவப்புக் கார் வந்துவிட்டது.

வந்துவிட்டது, வளைவுக்கு முன்னால் முனகிக்கொண்டு வேகம் குறைந்தது, கண்ணாடிக்குப் பின்னால் அந்த இரண்டு கைகள் தெரிந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள். அவை திரும்பின. அவை திரும்பியபோது ஒரு வண்டி முழுக்க, இரும்பும் டயரும் கம்பியும் புழுதியும் வெயிலும் முழுக்க, திரும்பத் தொடங்கியது.

அந்த ஸீட்டில் மயிலாத்தாள் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வண்டியோ ஐம்பது வண்டியோ, பச்சை, மஞ்சள், கறுப்பு, எல்லாவற்றிலும் முதலில் உட்கார்ந்தது அவள்தான். எதுவும் அவளோடு ஒரு முழம் நகர்ந்ததில்லை. அவள் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு அரிசி களையப் போன பிறகு, அந்த வண்டிகள் கேட்டைத் தாண்டி எங்கேயோ போயின, அங்கே என்னவோ நடந்தது, ஜனங்கள் கத்தினார்கள், அந்தச் சத்தம் மட்டும் அவள் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை. எடுக்கவும் சொல்லவில்லை.

அப்போது வந்தது. விலாவுக்கு அடியிலிருந்து, ஈரத்துணி மூட்டை மாதிரி, பழையதைவிடப் பழையதாக, முழுசாக வந்தது. அவள் இடது பின்சக்கரத்தைப் பார்த்தாள். வால் சற்றே தாழ்ந்தது, மூக்கு உள்ளே திரும்பியது, சிவப்புக் கார் டயர்ச் சுவருக்கு முன்னால் கோடு கிழித்த மாதிரி வளைந்து போனது.

ஒன்பது சுற்று இன்னும் இருந்தது. மயிலாத்தாள் வேலியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் மனசாரப் பொறாமைப்பட்டாள், விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது மாதிரித் திரி நனைய நனைய ஊற்றினாள். அந்தக் கைகளுக்காக, அந்த வளைவுக்காக, தூரத்தில் கேட்கிற சத்தமாக இல்லாமல் சத்தத்துக்கு நடுவில் இருப்பதற்காக, வேண்டாம் என்று சொல்லும் வீட்டிலிருந்து வந்து வாந்தி எடுத்துவிட்டும் ஏறி உட்காருகிற அந்தத் தைரியத்துக்காக. அந்தப் பிள்ளை நல்லபடியாக வர வேண்டும் என்றும் கூடவே வேண்டிக்கொண்டாள், இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பத்தாவது சுற்றில் கார் போன பிறகுதான் வேலியை விட்டுப் புல்லில் உட்கார்ந்தாள்.

சம்யுக்தா இரண்டாவதாக வந்தாள். சிறு கீறல்கூட இல்லை. கோப்பையைப் பாப்பாத்தி வாங்கி, தராசில் வைத்து, சுற்றிலும் நிற்கிறவர்களைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இருபத்தேழு கிலோ" என்றாள்.

அதற்கடுத்த புதன்கிழமை கார் பட்டறையில் தராசின் மேல் நின்றது. இடது பின்சக்கரத்தில் பதினொன்றரை அப்படியே இருந்தது.

"இன்னுமா புள்ள?" என்றார் கிட்டுச்சாமி. "பந்தயந்தான் முடிஞ்சுபோச்சே. இனி அந்தப் புள்ள மேல என்ன?"

"அந்தப் புள்ள மேல இல்லீங்க. அந்த ஸீட்டு மேல."

"ஸீட்டா? இருபத்திரண்டு வருஷமா நீதான உக்காந்த?"

"உக்காந்தேன். வண்டி நகர்ந்துச்சுங்களா?"

அவர் ஸ்பானரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பக்கத்தில் நின்ற சம்யுக்தாதான் சாவியை எடுத்து மயிலாத்தாளின் கையில் வைத்தாள்.

"வாங்கக்கா. முதல்ல கிளட்ச் சொல்லித் தர்றேன்."

மயிலாத்தாள் செருப்பைக் கழற்றப் போனாள். கொஞ்சம் யோசித்து, போட்டுக்கொண்டே ஏறினாள்.

காலி மைதானத்தில், மாடு மேய்கிற வேகத்தில், நான்கு தடவை அணைந்து அணைந்து கிளம்பி, சம்யுக்தா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வர, அவள் ஓட்டினாள். ஊர் வேலியோரம் நின்று பார்த்தது. மூன்றாவது வளைவில் அவள் மடியிலிருந்து எடுத்த இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைத் திருப்பினாள், வண்டி திரும்பியது, அப்போது தேங்காய் மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. புழுதி எழும்பியது. அடங்கியபோது அங்கே ஒன்றும் இல்லை. தரையில் மட்டும் ஒரு பள்ளம், உள்ளங்கை ஆழம், உட்கார்ந்து எழுந்த தடம் மாதிரி. மைதானத்துக்காரர்கள் பிறகு எத்தனையோ தடவை தார் ஊற்றிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. இன்றைக்கும் அந்த இடத்தில் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் போவார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு, "அங்க மயிலாத்தா எறக்கி வெச்சது இருக்குது, பாத்துப் போ" என்று சொல்லியும் கொடுப்பார்கள்.

எடை போய்விட்டதால் வண்டியை முதலிலிருந்து சரி செய்ய வேண்டியிருந்தது. கிட்டுச்சாமி அடுத்த நாள் காலையில் அதைத் தராசுகளில் ஏற்றினார். இடது பின்சக்கரம் சரியாக இருந்தது. வலது முன்சக்கரத்தில் மூன்றே கால் கிலோ கூடுதலாகக் காட்டியது.

அவர் டயரைப் பார்த்தார். பானெட்டைத் திறந்து, மூடினார். தராசைத் தட்டிப் பார்த்தார். வாசலில் வேப்பமரத்தடியில் இரண்டு பெண்களும் பேரெழுதிய டம்ளர்களில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மயிலாத்தாள் கையைக் காற்றில் வளைத்து வளைத்து, வண்டி எப்படித் திரும்பியது, கால் எங்கே இருந்தது, உடம்பு எப்படிச் சரிந்தது என்று சம்யுக்தாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆயுசுக்கும் சாய்வுக்கம்பி பூட்டிய மனுஷனிடம் இரண்டு பேரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மயிலாத்தாள் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் எங்கே கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தார்.

தராசு நான்குக்குப் போனது.

பட்டறையில் பீட்டரைத் தவிர யாரும் இல்லை. பீட்டர் எண்ணைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டு வெல்டிங்கைப் பற்ற வைத்தான்.

கிட்டுச்சாமி ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து, முன்கம்பியை ஒரு துளை தள்ளிப் பூட்டினார்.